மூணு பிடி மண்

சின்னப் பாத்தியில் கீரை ஓரத்தில் மட்டும்தான் முளைத்திருந்தது.

பல் துலக்கிக்கொண்டே கொல்லைக்கு வந்த லிடியா பிரஷ்ஷை வாயில் வைத்தபடி நின்றாள். பெரிய பாத்தி இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. ஒன்றில் தக்காளி நாற்று நிமிர்ந்து நிற்கிறது, இன்னொன்றில் வெண்டை இலை விட்டிருக்கிறது. மூலையில் இருக்கும் சின்னப் பாத்தியில்தான் சிறுகீரை தெளித்திருந்தாள். பொடி விதை என்று மணலோடு கலந்து, ஓரம் நடு என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் சமமாகத் தெளித்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது நாலு பக்கச் செங்கல் சுவரை ஒட்டித்தான் பச்சை அடர்ந்து கிடக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. ஈரமாக, வழவழவென்று, உள்ளங்கையால் தடவி விட்ட மாதிரி மொட்டை மண்.

லிடியாவுக்கு எரிச்சல் வந்தது. பயப்பட வேண்டிய இடத்திலெல்லாம் அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வரும், அது அவள் பிறவிக்குணம்.

"பாழாப்போன எறும்பு! மொத்தத்தையும் தூக்கினு போயிருக்குது பாருங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

ஆல்பின் ஷேவிங் செய்துகொண்டிருந்தான். "ஓரத்துல இருக்கறத மட்டும் ஏன் வுட்டுச்சாம்?" என்றான், கண்ணாடியை விட்டுத் திரும்பாமலே.

நல்ல கேள்விதான். அதனாலேயே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இந்தத் தோட்டம் பொழுதுபோக்குக்குப் போட்டது இல்லை. ஐந்து வயது இனியாவுக்கு ரத்தம் கம்மி. லிடியா வேலை பார்ப்பதே ரத்தப் பரிசோதனை லேபில். மகளின் ரத்தத்தை அவளே எடுத்து, அவளே மெஷினில் வைத்து, வந்த எண்ணைப் பார்த்துவிட்டு பாத்ரூமில் போய் நின்று அழுதாள். டாக்டர் மருந்தும் கொடுத்தார், கீரையும் காயும் தினம் போடச் சொன்னார். மார்க்கெட்டில் வரும் கீரை எந்தச் சாயத் தண்ணியில் வளர்ந்ததோ யாருக்குத் தெரியும்? என் பிள்ளைக்கு நானே வளர்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

ஆனால் கொல்லைத் தரை முழுக்கக் கெட்டிச் சிமெண்டு. முன்பு இந்த வீட்டில் இருந்த தறிக்காரர்கள் பாவு நூலை நீட்டிப் போடத் தளம் போட்டிருந்தார்கள், மண்வெட்டி இறங்காது. அதனால் தரைமேலேயே செங்கல் சுவர் கட்டி மண் நிரப்புகிற மேட்டுப்பாத்தி. ராத்திரி எல்லாம் வீடியோ பார்த்து, சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டு ஒரு திட்டத்துக்கு வந்தாள். வெயில் விழுகிற பக்கம் நீளவாக்கு. எந்தப் பக்கம் நின்றாலும் கை நடு வரைக்கும் எட்டுகிற அகலம். முழங்கால் உயரம். தண்ணி வடிய அடியில் ஓட்டை. மூணு பாத்தியும் ஒரே அளவாக வரவேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். மூணாவது பாத்தி போகிற வழியில் செப்டிக் டேங்க் மூடி குறுக்கே வந்தது.

"அந்தாண்ட போவ முடியாது லிடியாம்மா, இது குட்டையாத்தான் வரும்" என்றார் கொத்தனார் பெரியநாயகம்.

பெரியநாயகம் சர்ச்சுக்குத் தெரிந்தவர். வீட்டுச் சுவரும் கட்டுவார், கல்லறையும் கட்டுவார். ஆல்பினின் அப்பா அருள்தாஸ் போன மழைக்காலத்தில் தவறிப்போனபோது அவருக்குக் கல்லறை கட்டியதும் இவர்தான். அதற்கு வாங்கிய செங்கல்தான் மீந்து, சுற்றுச்சுவர் ஓரமாக அடுக்கிக் கிடந்தது. "சும்மா கெடக்கறதுக்கு தோட்டத்துக்காச்சும் ஆவட்டும்" என்று ஆல்பின் சொன்னான். லிடியாவும் சரி என்றாள். நல்ல சேம்பர் செங்கல், சூளையில் நன்றாக வெந்தது, ஏன் வீணாக்க வேண்டும்?

பாத்தியை நிரப்பிய நாளும் அப்படித்தான், ஒரே கும்மாளம். அடியில் தேங்காய் மட்டை, அதன்மேல் சருகு, தொழுவுரம். மண் படவேட்டு வாழைத் தோப்பிலிருந்து டிராக்டரில் வந்தது, சிவப்பாக, புட்டு மாதிரி உதிர்ந்தது. முதல் கூடையைச் சின்னப் பாத்தியில் கொட்டப் போனபோது இனியா குறுக்கே வந்து நின்றாள்.

"இருங்க இருங்க! கையால போடணும்!"

தாத்தா அடக்கத்தின்போது பார்த்தது. அதே கொத்தனார் தாத்தா, அதே செங்கல், அதே மாதிரி நீளமான குழி. பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டாள். தொழுவுரத்தின்மேல் 'பொத்' என்று விழுந்தது.

"ஒண்ணோட நிறுத்தினா கணக்கு ஆவாது பாப்பா, மூணு வாட்டி போடணும்" என்று பெரியநாயகம் எடுத்துக் கொடுத்தார். இனியா மூணு வாட்டி போட்டாள். "அப்பா, நீயும் போடு." ஆல்பின் போட்டான். "கொத்தனார் தாத்தா, நீங்க?" அவரும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெரிய மனுசன் துக்க வீட்டில் நிற்கிற தோரணையோடு மூணு பிடி போட்டார். இனியா நிமிர்ந்து பார்த்து, "போய்ட்டு வா" என்றாள். அடக்கத்தன்றைக்குத் தாத்தாவுக்குச் சொன்ன அதே வார்த்தை. போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த லிடியாவுக்குச் சிரிப்பில் கை ஆடியது. "அடிப்பாவி, என் தோட்டத்துக்கு அடக்கம் பண்றியே!" என்றாள்.

அதை எல்லாரும் அன்றைக்கே மறந்துவிட்டார்கள்.

மறுபடி விதை தெளித்தாள். இந்த முறை சாம்பலும் தூவினாள். எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஓரம்தான் பச்சையானது. போதும் உன் நாடகம் என்று, ஓரத்தில் நெருக்கமாக இருந்த நாற்றை வேரோடு பிடுங்கி, நடுவில் வரிசையாக நட்டுத் தண்ணி தெளித்துவிட்டுப் படுத்தாள். அந்த வீட்டில் இருப்பது ஒரே கட்டில். இனியா குறுக்கும் நெடுக்குமாக உருளுவாள். அதனால் லிடியா பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, கட்டில் ஓரத்தில் இத்தனூண்டு இடத்தில்தான் தூங்குகிறாள். அன்றைக்கும் அப்படித்தான் தூங்கினாள். கனவில் யாரோ ஈர மண்ணைத் தடவிக்கொண்டே இருந்தார்கள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள்.

நட்டதெல்லாம் ஓரத்துக்குப் போயிருந்தது. பிடுங்கி எறியவில்லை. ஒவ்வொன்றாக, வேர் மண்ணுக்குள் இருக்க, நேராக நட்டிருந்தது. ஒரு இலைகூட வாடவில்லை. நடு மண் சுத்தமாக வழித்து விட்டிருந்தது.

எறும்பு நாற்று நடுமா?

ஆல்பினிடம் சொன்னாள். அவன் செய்யாறு பக்கத்தில் ஒரு கம்பெனிக்குப் போகிறவன், காலையில் அவனுக்குக் காது கேட்காது. "பாப்பா வெளையாடியிருக்கும் லிடியா. நீ ஏன் இதுக்கெல்லாம் பேஜார் ஆவற?" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாப்பா அவள் பக்கத்தில்தான் விடியும்வரை தூங்கியது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது, அந்த டக்கு டக்கு சத்தத்தில்தான் அந்தத் தெருவே மூச்சு விடும். அடுப்பில் வெங்காயம் வதங்குகிறது, குக்கர் சீறுகிறது, வெளியே ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போகிறான். இத்தனைக்கும் நடுவில், நேராக அவள் தலைக்கு மேலே, மெத்தென்று ஒரு சத்தம்.

பொத்.

லிடியா கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தாள். சுண்ணாம்பு அடித்த கூரை, கரி படிந்த மின்விசிறி.

பொத்.

கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்புறம் நின்றுவிட்டது. கூடவே ஒரு வாசனை, வெங்காய வாசனையை விலக்கிக்கொண்டு வந்தது. சம்பங்கி மாலை, உருகின மெழுகுவர்த்தி, புதுப் பலகைக்கு அடித்த வார்னிஷ். மாமனாரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது வீடு முழுக்க இருந்த வாசனை.

மொட்டை மாடிக்கு ஓடினாள். காயப்போட்ட மிளகாய்தான் இருந்தது. கீழே வந்து கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவையும் மகளையும் கேட்டாள்.

"இன்னா சத்தம்?" என்றான் ஆல்பின். இனியா தலையை ஆட்டினாள், "எனக்குக் கேக்கலம்மா."

மாடியில் பூனை குதித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் லேபிலும் கேட்டது. லேபுக்கு மேலே இரண்டு மாடி இருக்கிறது, அங்கே எந்தப் பூனை குதிக்கும்? பஸ்ஸில் வரும்போது கேட்டது. சர்ச்சில், பாட்டுக்கும் ஜெபத்துக்கும் இடையில் எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது கேட்டது. எங்கே இருந்தாலும் தலைக்கு மேலேதான். ஒவ்வொரு முறையும் மூணு தடவை. பக்கத்தில் இருக்கிற ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளுக்கு மட்டும் கழுத்து மடங்கிப் போகும்.

"உனக்கு இன்னா ஆச்சு? மூஞ்சி வெளுத்துகினே வருது" என்றாள் கூட வேலை பார்க்கும் புஷ்பலதா. அன்றைக்கு இனியாவின் ரத்தத்தை மறுபடி டெஸ்ட் செய்தது அவள்தான். "பாப்பாவுக்கு நல்லா ஏறியிருக்குது. நீதான் ஒரு டெஸ்ட் எடுத்துக்கணும் போல. கைய பாரு, ஐஸா இருக்குது."

"எனக்கு இன்னா, கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள் லிடியா. மகளுக்கு ரத்தம் ஏறியதைக் கேட்டு அவள் சந்தோஷப்படக்கூட இல்லை. மனசு பூராவும் கொல்லையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொல்லைக்குத்தான் போனாள். கொடியில் காயப்போட்ட இனியாவின் நீளக் கவுன் காற்றில் கழன்று சின்னப் பாத்தியில் விழுந்திருந்தது. எடுக்கக் குனிந்தவள் எடுக்காமல் நின்றாள்.

கவுன் அந்த மொட்டை இடத்தில் விரித்துப் போட்ட மாதிரி கிடந்தது. கழுத்துப் பக்கத்துக்கு மேலே, ஒரு தலை வைக்கிற அளவுக்கு, வட்டமாக மண். கவுனின் கீழ் ஓரத்தில் இரண்டு பாதம் கொள்ளும் அளவுக்கு மண். ஒரு பக்கம் மட்டும் மொட்டை மண் நடுவில் கொஞ்சம் புடைத்துக்கொண்டு கவுனுக்கு வெளியே போயிருந்தது. மற்றபடி அளவெடுத்தது போல இருந்தது.

இனியாவின் நீளம்.

 கவுனைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அப்போதுதான் அந்தச் சத்தம் என்னவென்று புரிந்தது. ஏற்கெனவே தெரிந்த சத்தம்தான். மாமனார் பெட்டிமேல் மண் விழுந்த சத்தம். மூணு மூணாக, ஆளுக்கு மூணு பிடி.

அடக்கம் பண்ணிவிட்டார்கள். சிரித்துக்கொண்டே, முறை தவறாமல், போய்ட்டு வா என்று சொல்லி, அந்தக் குழிக்கு மண் போட்டுவிட்டார்கள். மண் போட்டாச்சு. ஆள்தான் இன்னும் வரவில்லை. குழி இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

"ஒடைச்சிப் போடுங்க அத!" என்று அன்று மாலை ஆல்பினின் சட்டையைப் பிடித்தாள். "இப்பவே. இந்த நிமிசமே."

"பைத்தியமா உனக்கு? பாப்பாவுக்குக் கீரை வேணும்னு கட்டச் சொன்னதே நீதானே?"

"அது பாப்பாவுக்குத்தாங்க காத்துகினு இருக்குது!"

கதவுக்குப் பின்னால் நின்ற இனியா அழ ஆரம்பித்தாள். ஆல்பின் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். லிடியா கடப்பாரையை எடுத்துப் போய்ச் சுவரைக் குத்திப் பார்த்தாள். கையில் தெம்பு இல்லை. கடப்பாரை வழுக்கி வழுக்கி விழுந்தது. செங்கல்லில் கீறல் கூட விழவில்லை.

பெரியநாயகத்துக்குப் போன் போட்டாள்.

"அட, அது தமாசுக்குப் போட்டதும்மா" என்றார்.  அடுத்துப் பேசியபோது குரலில் சிரிப்பு இல்லை. "திங்கக்கெழம காலைல வந்து ஒடைச்சிட்றேன். அதுவரைக்கும் கொழந்தைய அந்தாண்ட வுடாத."

அந்தாண்ட விடாமல் இருப்பதென்ன, ஊரிலேயே வைத்திருக்க மாட்டேன் என்று முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட்ட கையோடு இருவரையும் வெம்பாக்கத்தில் ஆல்பினின் அக்கா வீட்டுக்குக் கிளப்பினாள். ஆல்பின் முணுமுணுத்தான், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு பைக்கை வெளியே தள்ளினான். "நீயும் வாயேன்" என்றான். கொத்தனார் வரும்போது வீட்டில் ஆள் வேண்டும் என்றாள். பைக்கில் முன்னால் உட்கார்ந்த இனியா, தினம் லிடியா வேலைக்குக் கிளம்பும்போது செய்வது போலவே கையை ஆட்டினாள். லிடியா தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் ஆல்பின் போன் செய்தான். போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பாப்பா அத்தை வீட்டு ஆட்டுக்குட்டியோடு விளையாடுகிறது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. பல நாளைக்குப் பிறகு ஒரு டம்ளர் காபியை முழுசாகக் குடித்தாள். ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடவில்லை. தெருவே அடங்கிக் கிடந்தது. கொல்லைக் கதவின் இடுக்கு வழியாக அந்தி வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்திருந்தது. சம்பங்கி வாசனை அடித்தது. அடிக்கட்டும், பிள்ளைதான் இங்கே இல்லையே.

சும்மா உட்கார முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், துணியை மடித்தாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு போனை எடுத்தாள். பாத்தி நிரப்பிய அன்றைக்குப் பிடித்த படத்தை ஓட விட்டாள். என்னதான் செய்தோம், எங்கே தப்பு நடந்தது?

இனியா குனிகிறாள். பொத். பொத். பொத்.

ஆல்பின். மூணு.

பெரியநாயகம், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. மூணு.

இனியா நிமிர்கிறாள். "போய்ட்டு வா."

படத்தை நிறுத்தினாள். திரும்ப ஓட்டினாள். இனியா குழியைப் பார்த்துச் சொல்லவில்லை. நிமிர்ந்து, நேராகப் போனைப் பார்த்துச் சொல்லியிருந்தாள். போனைப் பிடித்திருந்தவளைப் பார்த்து.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் மண் போடுவார்கள். பெண்டாட்டி, பிள்ளை, பேரன், பக்கத்து வீட்டுக்காரன் வரைக்கும். போடாத ஆள் ஒருத்தர்தான்.

உள்ளே படுத்திருக்கிறவர்.

லிடியாவின் கை போனோடு மடியில் விழுந்தது. அந்தப் புடைப்பு ஞாபகம் வந்தது. மொட்டை மண்ணின் நடுவில், ஒரு பக்கமாக வெளியே தள்ளிய புடைப்பு. மடக்கின முழங்கால். ஒருக்களித்துச் சுருண்டு, இத்தனூண்டு இடத்தில் படுக்கிறவளின் முழங்கால்.

முதலில் வந்தது சந்தோஷம். சத்தியமாகச் சந்தோஷம்தான். பாப்பா இல்லை, ஆண்டவரே, பாப்பா இல்லை! வாய்விட்டு அழுதாள். அழுது முடிப்பதற்குள் கால் ஜில்லிட்டது.

நான் போடலை. அவ்வளவுதானே? இப்போ போட்டுட்டா சரியாப் போச்சு.

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சின்னப் பாத்தியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பக்கத்துப் பாத்தியிலிருந்து ஒரு பிடி அள்ளி, நடுவில் மொட்டை மண்ணுக்கு மேலே கையை நீட்டித் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

உள்ளங்கையைப் பார்த்தாள். மண் அப்படியே இருந்தது. ஒரு துகள் கூட விழவில்லை. உதறினாள். விழவில்லை. இன்னொரு கையால் தள்ளினாள். விழவில்லை. எரிச்சல் வருமென்று பார்த்தாள். அது வரவில்லை. வெறும் பயம்தான் வந்தது.

"விழு" என்றாள். "ஐயோ, விழேன்."

உடம்பு பாத்திக்குள் ஒருக்களித்துச் சரிந்தது, முழங்கால் வயிற்றோடு மடங்கியது. அவள் மடக்கவில்லை. தானாக மடங்கியது. மண் மெத்தென்று இருந்தது. குளிர்ந்து இருந்தது. அளவாக இருந்தது.

பொத்.

தலைக்கு மேலே. கொல்லையில் கூரை ஏது?

நிமிர்ந்து பார்த்தாள். வானம் சின்னதாகிவிட்டிருந்தது. நாலு பக்கமும் செங்கல். சேம்பர் செங்கல். எட்டாத உயரத்தில் ஒரு நீளத் துண்டு வெளிச்சம். அதன் விளிம்பில் ஆல்பின் நிற்கிறான், வெள்ளைச் சட்டையில். கக்கத்தில் துண்டோடு இன்னொருவர்.

கூப்பிட்டாள். வாயில் மண்.

பொத்.

விளிம்பைப் பிடித்துக்கொண்டு இனியா எட்டிப் பார்த்தாள். கன்னத்தில் நல்ல ரத்த ஓட்டம். சின்ன விரல்கள் மூடிய கையை, கவனமாக, சிந்தாமல், நேராக அவள் முகத்துக்கு மேலே நீட்டினாள்.

"இதான் மூணாவது" என்றாள் பக்கத்தில் யாரிடமோ. அப்புறம் கீழே பார்த்து, தினம் காலையில் வாசலில் நின்று சொல்வது போலவே சொன்னாள்.

"போய்ட்டு வாம்மா."

கை திறந்தது.